‘போங்கம்மா’ டிரைவர்

எங்கள் டிப்போவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. வருகைப் பதிவேட்டில்தான் ஏதோ பெயர் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் ‘போங்கம்மா’தான். சாலையைக் கடக்கக் கோடு போட்ட இடத்தில் யார் நின்றாலும் பஸ்ஸை நிறுத்துவார். நிறுத்திவிட்டு, வந்த விருந்தாளியை உள்ளே அழைக்கிற மாதிரி கையை அசைத்து, “போங்கம்மா, போங்க” என்பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு அது எங்கே கேட்கப்போகிறது? ஆனாலும் சொல்வார். முறுக்கு மீசைக்காரன் நின்றாலும் ‘போங்கம்மா’தான்.

பதினொரு வருஷம் அந்த வண்டியில் நான் கண்டக்டர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். “அண்ணே, ஊருக்கெல்லாம் வழி விட்டுக்கிட்டே இருந்தா நாம எப்பண்ணே போய்ச் சேர்றது?” என்று பின்னாலிருந்து கத்துவேன்.

“அரை நிமிஷம்டா. அரை நிமிஷத்துல என்ன குடியா முழுகிடப் போவுது?” என்பார், திரும்பாமலே.

தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்த மனுஷர். வீட்டில் மனைவி, நர்ஸ் படிப்பு படிக்கிற ஒரு மகள். சாப்பாட்டு டப்பாவில் எனக்கும் சேர்த்துத்தான் அண்ணி போட்டுக் கொடுப்பார். ஊரிடம் மறைக்க எங்களுக்கு எதுவுமே இருந்ததில்லை, அந்தக் காலை வரும்வரை.

ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் ஒரு கோடு இருக்கிறது. ஒரே திசையில் இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் போகிற அகலச் சாலை. தினமும் ஏழே முக்காலுக்கு அங்கே ஓர் அம்மா நிற்பார். எதிரே இஸ்திரிக் கடையில் வேலை. முட்டிவலி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். காரோ ஸ்கூட்டரோ நின்றால்கூட அவர் காலை எடுத்துவைக்க மாட்டார். எங்கள் பஸ் வந்து நின்றால்தான் இறங்குவார். ஒருமுறை, மதியம் நான் கடைப்பக்கம் போனபோது என்னை நிறுத்தி, “உங்க டிரைவர் சட்டையைக் கொண்டாந்து குடுங்க தம்பி. காலரைப் பார்த்தா எனக்கே கை அரிக்குது” என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை மறுநாள் போட்டுக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளை தோற்றான்!

அது நடந்த அன்றைக்கு மழையுமில்லை, பனியுமில்லை. வண்டி ஒன்பது நிமிஷம் லேட். நான் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தேன். கோட்டருகே அந்த அம்மா நின்றார். அண்ணன் நிறுத்தினார். அம்மா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். காலை வைக்கவில்லை. “சீக்கிரம்ணே!” என்றேன் நான். அண்ணன் கையை அசைத்தார். அம்மா தயங்கினார். அண்ணன் இன்னொரு தரம் வேகமாக அசைத்தார். “போங்கம்மா, போங்க.”

அந்த அம்மா சிரித்தார். பையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு ஓடினார்.

எங்கள் பஸ்ஸின் உயரத்தில் அடுத்த தடம் அவருக்குத் தெரியாது. அதில் வந்த வேன்காரனுக்கும் அவரைத் தெரியாது. எல்லாரும் நிற்கிற கோட்டில் நிற்காமல் முந்திப் போனான் பாவி. அதற்குமேல் நான் சொல்ல மாட்டேன்.

வேன்காரன் மேல் வழக்குப் போட்டார்கள். அவன், “பஸ்ஸுக்கு முன்னாலேர்ந்து திடீர்னு பாஞ்சுட்டாங்க” என்றான். எங்களிடம் போலீஸ் கேட்டபோது, நிறுத்தினோம், அவர் கடந்தார், வேன் வந்தது என்று சொன்னோம். மூன்றும் உண்மைதான். கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ‘கவனிக்காமல் சாலையைக் கடந்தார்’ என்று அறிக்கையில் ஒரு வரி ஏறிவிட்டது.

“நான் சொல்லிடறேன்டா” என்றார் அண்ணன். எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்கள்: நிறுத்துவது உன் வேலை, கூப்பிடுவது உன் வேலையில்லை, நீ கூப்பிட்டால், நடக்கிறவர் தன் கண்ணை விட்டு உன் கையை நம்புவார். சொன்னால் டிரைவர் சீட்டு போய்விடும். “சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க. போன உயிர் திரும்பி வந்துடுமா?” என்று அவர் வாயை அடைத்தவன் நான்தான். அந்தப் பாவத்தில் எனக்குப் பாதி உண்டு. அவசரப்படுத்தியதிலும் பாதி உண்டு.

அடுத்த வாரத்திலிருந்து ஒரு பெரியவர் எங்கள் பஸ்ஸில் ஏற ஆரம்பித்தார். காலில் ஆறாத புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டும். ஏறுவதற்கு வசதி என்று டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்காருவார். அந்தக் கோடு வந்ததும் பக்கத்தில் யார் இருந்தாலும் பேச்சை ஆரம்பித்துவிடுவார்.

“என் பொண்டாட்டி இந்த இடத்துலதான் செத்தா. பார்த்துப் போடி, பார்த்துப் போடின்னு முப்பது வருஷமாச் சொன்னேன். கேட்டாளா? கண்ணு என்ன முதுகுலயா இருந்துச்சு அவளுக்கு? என்னை இந்தக் காலோட விட்டுட்டுப் போயிட்டாளே, பொறுப்பில்லாதவ!”

எனக்கு டிக்கெட் கிழிக்கிற கை நின்றுவிட்டது. அண்ணனின் கழுத்தைத்தான் பார்த்தேன். அது அசையவில்லை.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. கோடு வரும்போதெல்லாம் பின்னாலிருந்து அந்த வசவு வரும். அந்த மனுஷர் ஒரு நாளும் அழுது நான் பார்த்ததில்லை. திட்டினார், அவ்வளவுதான். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. டப்பா திறந்தபடி அப்படியே இருக்கும். “உங்கண்ணனுக்கு என்னப்பா ஆச்சு?” என்று அண்ணி போனில் கேட்டபோது, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று புளுகினேன்.

பிறகு ஒரு நாள் பெரியவர், “அவளா போய் விழுந்தா. யாரை நொந்து என்ன பண்றது?” என்றார். ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. அண்ணன் எஞ்சினை அணைத்தார். என் பக்கம் திரும்பவேயில்லை. இறங்கிச் சுற்றி வந்து, படியில் கால் வைக்கத் தடுமாறிய பெரியவரின் முன்னால் நின்றார்.

“ஐயா, அவங்க பார்க்காமப் போகல.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“இந்த வண்டிதாங்கய்யா. ரெண்டு பக்கமும் பார்த்தாங்க. தயங்கித்தான் நின்னாங்க. நான்தான் கையைக் காட்டிப் போகச் சொன்னேன், ரெண்டு தடவ. பக்கத்துல வேன் வருதான்னு நான் கண்ணாடியைப் பார்க்கல. என்னை நம்பி ஓடினாங்க.”

அடிப்பார் என்று நினைத்து நான் குறுக்கே போகப் பார்த்தேன். பெரியவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

“ஓடினாளா?”

“ஆமாங்கய்யா.”

“அவளுக்கு மாடிப்படி ஏற முடியாதேப்பா. முட்டி மடங்காதே.”

“வண்டி நிக்குதேன்னு ஓடினாங்க. எங்களைக் காக்க வைக்கக் கூடாதுன்னு.”

பெரியவர் அப்படியே பஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். “நீதானா அது? வீட்டுல சொல்லுவா. எனக்காக ஒரு டிரைவர் பஸ்ஸையே நிறுத்துவார்னு பெருமையாச் சொல்லுவா” என்றார். பிறகு உடைந்து அழுதார். “பார்த்துத்தான் போயிருக்கா. ரெண்டு மாசமா ஊரெல்லாம் அவளைத் திட்டிட்டுத் திரியறேனே. நான் யார்கிட்டடா போய் மன்னிப்புக் கேட்பேன்?”

அண்ணன் தரையில் குந்தி உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அழுதார். வண்டி முழுக்க ஆள் இருந்தும் ஒருவர்கூட லேட்டாகுது என்று சொல்லவில்லை.

அன்று மாலையே அண்ணன் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டார். நானும் கையெழுத்துப் போட்டேன். அறிக்கையில் அந்த வரியை அடித்துவிட்டார்கள். அண்ணனின் சீட்டும் போனது. இப்போது ஷெட்டில் பஸ் கழுவுகிறார். ‘போங்கம்மா’ என்று யாராவது கூப்பிட்டால் நான் சண்டைக்குப் போகிறேன்.

பெரியவர் இன்னும் அதே இடத்தில்தான் உட்காருகிறார். இப்போது யாரோடும் பேசுவதில்லை. போன வாரம் அந்தக் கோட்டருகே ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். புது டிரைவர் நிறுத்திவிட்டு, பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினான். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் எழுந்து அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“காட்டாதப்பா. அவளே பார்த்துப் போவா.”