சொந்த வேலையாகப் போனவன்

நின்றுகொண்டே ஓட்டுகிற சின்ன பேட்டரி ஸ்கூட்டர் அது. கைப்பிடியில் பச்சை டேப் சுற்றியிருந்தது, முன்சக்கரத்துத் தகடு கொஞ்சம் வளைந்திருந்தது. ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு பெங்காலியிடம் வாங்கினேன். துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனி யார்டில் எனக்கு லோடிங் வேலை. விடியுமுன்னே நாங்கள் தங்கியிருந்த கேம்ப் வாசலில் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். அரைத் தூக்கத்தில் முண்டியடித்து ஏறி, கம்பெனி கேட் திறக்கும்வரை தரையில் குந்தியிருக்கிற கூட்டத்தில் இனி நான் இல்லை. இருபத்திரண்டு வயதில் எனக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த ஸ்கூட்டர். கல் லாரிகள் போகிற ரோட்டோரமாக, முகத்தில் காற்றடிக்கப் போகும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், நான் யாருக்கும் கூலியாள் இல்லை.

எங்கள் போர்மேனைக் கேம்ப் முழுக்க மாமா என்றுதான் கூப்பிடும். பரமக்குடிப் பக்கத்து ஆள், யாருக்கும் சொந்தமில்லை. கோடையில் மதியம் ஆட்களை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். எல்லாரும் ஷெட்டுக்குள் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். மாமா மட்டும் என் பக்கம் திரும்புவார். "மாப்ளே, உனக்குத்தான் வண்டி இருக்குல்ல, ஒரு எட்டு போய்ச் சாப்பாடு வாங்கியாந்துரு." வெயிலைப் பற்றி முனகினால், "வேலையா வாங்குறேன்? சோறுதானே வாங்கச் சொல்றேன்," என்பார். ஷெட்டே சிரிக்கும். பஸ்ஸை விட்டு இறங்கினேன் அல்லவா, அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று எனக்குப் புரிந்தே இருந்தது. இருந்தாலும் மாமாவாயிற்றே என்று போனேன்.

அப்படிப் போன ஒரு மதியம், பின்னால் வந்த லாரிக்கு ஒதுங்கப் போய் ஜல்லியில் சறுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்தது. தகவல் கேட்டு ஓடிவந்த மாமா முதலில் பார்த்தது சாப்பாட்டுப் பையைத்தான். நாசமாய்ப் போகட்டும், அந்தப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன்.

மறுநாள் ஆபீசில் விசாரணை. டூட்டியில் நடந்தது என்று ஆகிவிட்டால் ஆபரேஷன் கம்பெனி பொறுப்பு, கை தேறியதும் வேலையும் உண்டு. சொந்த வேலையாகப் போய் விழுந்தான் என்றால் விசா கேன்சல், ஊர். சேஃப்டி ஆபீசர் வடநாட்டுக்காரர், நல்ல மனுஷன். உன்னை யார் அனுப்பியது என்று இந்தியில் கேட்டார். எனக்கு இந்தி பேச வராது. யார்டில் தமிழாட்களுக்கு இந்தியில் யார் வாயோ அவரையே என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். வேறு யார், மாமாதான்!

மாமா முகத்தைப் பார்த்தே ஆபீசரிடம் சொன்னேன். "மாமாதான் சார் அனுப்பினாரு. தினமும் அனுப்புவாரு."

மாமா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஆபீசர் பக்கம் திரும்பி, பையன் சொந்த வேலையாகப் போனானாம், போகாதே என்று நான் சொல்லியும் கேட்கவில்லை, என்று இந்தியில் வருத்தத்தோடு சொன்னார். பேச வராதே தவிர, கேட்டால் எனக்குப் புரியும். "நஹி! நஹி!" என்று கத்தினேன். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. என்ன சொல்கிறான் என்று ஆபீசர் மாமாவையே கேட்டார்.

"வலி தாங்கலையாம், சாப்," என்றார் மாமா.

ஆபீசர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கே கேன்சல் எழுதியாயிற்று.

ஊருக்குப் போகிறவன் தன் சாமான்களை ரூமுக்கு விட்டுப் போவது கேம்ப் வழக்கம். எதை யாருக்குக் கொடுப்பது என்று மாமா சொல்வார். என் ஸ்கூட்டரைப் புதிதாக வந்திருந்த என் வயதுக்காரன் ஒருவனுக்குக் கொடுத்தார். அவன் தனியாக இருந்தபோது நடந்ததையெல்லாம் சொன்னேன். அவன் என் மாவுக்கட்டைப் பார்த்தான், ஸ்கூட்டரைப் பார்த்தான். "மாமா அப்படியெல்லாம் செய்ய மாட்டாருண்ணே," என்றான். "நான் காய்ச்சல்ல கெடந்தப்ப கஞ்சி வச்சுக் குடுத்த ஆளு அவரு." அவனை அறையலாம் போல இருந்தது. நானும் அப்படித்தான் நம்பினேன் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

இப்போது ஓமானில், சலாலாவில் சித்தப்பா மகன் கடையில் இருக்கிறேன். அந்தக் கை முழுசாக மடங்காது. கடைக்கு வருகிறவர்களோடு பேசிப் பேசி இந்தி மட்டும் தண்ணீர் பட்ட பாடு. பல் தேய்க்கும்போது, ஷட்டர் தூக்கும்போது, அன்றைக்கு அந்த ஆபீசரிடம் சொல்லியிருக்க வேண்டியதை எனக்குள் இந்தியில் சொல்லிப் பார்க்கிறேன். தங்குதடையில்லாமல் வருகிறது. போன மாதம் பழைய ரூம்மேட் ஒருவன் போனில் பேசினான். மாமா சௌக்கியமாம். யார்டில் யார் விழுந்தாலும், அவன் சொல்வதை இந்தியில் எடுத்துச் சொல்கிறவர் இன்றைக்கும் அவர்தானாம்.