பரோட்டா மாஸ்டர் வீட்டுக் கம்பு அடை

இந்த வாரம் என் தம்பி கணேசனின் கதை.

எழுதலாமா என்று அவனிடமே போய்க் கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "எழுதுக்கா... ஆனா கடைப் பேரைப் போட்டுராத. நம்ம மாஸ்டரே நம்ம சரக்கைக் கொறை சொல்லுதானேன்னு மொதலாளி வருத்தப்படுவாரு."

நியாயம்தான். கணேசன் கோவில்பட்டியில் பரோட்டா மாஸ்டர். மத்தியானத்துக்கு மேல் கடைக்குப் போனால், ராத்திரி கடைசிக் கூட்டம் சாப்பிட்டு எழுகிற வரை கல்லுக்கு முன்னால்தான் நிற்பான். அவன் மாவு வீசுவதைப் பார்க்கவே சிலர் ரோட்டில் நிற்பதுண்டு. மனைவி பேச்சிக்குத் தீப்பெட்டி ஆபீஸில் — தொழிற்சாலையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம் — வேலை. விடிந்ததும் வேன் வந்துவிடும். ஒரே மகள் அபிநயா. பிளஸ் ஒன் படிக்கிறாள், ஹாக்கி ஆடுகிறாள். எங்கள் ஊரில் ஹாக்கி மட்டை இல்லாத தெரு உண்டா, என்ன?

நான் அடுத்த தெருவில் இருக்கிறேன். அதனால்தான் சில மாதங்களுக்கு முன்பு, ஒரு காலை நேரத்தில் அந்த போன் எனக்கு வந்தது.

"அத்தை, நான் அபி கூட விளையாடுற பிள்ளை பேசுதேன். அபி கிரவுண்டுல மயங்கி விழுந்துட்டா. அவ அப்பா போனை எடுக்க மாட்டேங்காரு..."

எப்படி எடுப்பான்? ராத்திரியெல்லாம் அடுப்படியில் நின்றவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஓடிப்போய்க் கதவைத் தட்டி எழுப்பினேன். ஆட்டோ பிடித்து இரண்டு பேரும் போனோம். மைதான ஓரத்தில் அபி உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்துப் போயிருந்தது.

"ஒண்ணுமில்லத்தை" என்றாள். அந்த ஒண்ணுமில்லையைச் சொல்லவே அவளுக்கு மூச்சு வாங்கியது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தசோகை. "மாத்திரை தர்றேன், தவறாமப் போடணும். அளவு ஏறுற வரைக்கும் கிரவுண்டுப் பக்கம் போகக் கூடாது" என்றார் டாக்டரம்மா. பிறகு கணேசனைப் பார்த்துக் கேட்டார்: "வீட்டுல என்ன சாப்பிடுறா?"

சாதாரணக் கேள்விதான். என் தம்பி மகளைத் திரும்பிப் பார்த்தான். அபிதான் சொன்னாள். காலையில் டீயும் பிஸ்கட்டும். மத்தியானம் அம்மா டப்பாவில் கட்டிக் கொடுத்த சோறு, அதில் பாதி வீட்டுக்கே திரும்பி வரும். ராத்திரி அப்பா கொண்டுவரும் பரோட்டா பார்சல்.

"தினமுமா?"

"ஆமா டாக்டர். அப்பா எனக்குன்னு தனியா நெய் விட்டுப் போட்டுக் கொண்டாருவாங்க." பெருமையாகத்தான் சொன்னாள்.

கணேசன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பாசம் முழுக்க அந்தப் பார்சலில்தானே தினமும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது?

கொஞ்ச நாளில் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பதாக இருந்தது. அபி ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதாள். கோச்சும் கறாராகச் சொல்லிவிட்டார் — டாக்டர் சரி என்று சொல்லாமல் மட்டையைத் தொடக் கூடாது.

அன்று கணேசன் கடைக்கு லீவு போட்டான். சாயங்காலம் வேலை முடிந்து வந்த பேச்சியிடம் மெதுவாக ஆரம்பித்தான். "கம்பு, கேப்பைன்னு எதாவது ஆக்கிக் கொடுத்தா என்னட்டி?"

பேச்சி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எனக்கு ஆக்கத் தெரியாதாக்கும்? எங்க ஊரு கரிசக்காட்டுல வெளைஞ்ச கம்பைத் தின்னுதான நானே வளந்தேன். ஊறப் போடணும், இடிக்கணும், நின்னு கிண்டணும். விடியுமுன்ன வேன்காரன் வந்து ஆரன் அடிக்குதான். நான் எந்த நேரத்துல ஆக்க? நீங்களே சொல்லுங்க."

என்னத்தைச் சொல்வது?

பாரம்பரிய உணவுக்குத் திரும்புங்கள் என்று மேடையில் பேசுகிறார்கள், டிவியில் பேசுகிறார்கள், காலையில் கண் விழித்தால் வாட்ஸ்அப்பிலும் அதே. திரும்பலாம்... ஆனால் யார் திரும்புவது? கம்பில் இரும்புச்சத்து இருக்கிறது, கேப்பையில் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, எல்லாம் சரி. அதை ஊறப்போட, இடிக்க, கிண்ட — யாருடைய நேரம் இருக்கிறது? அந்தக் கேள்வி வந்ததும் எல்லாருடைய பார்வையும் அடுக்களைப் பக்கம், ஒரே ஒரு ஆள் மேல்தான் போகிறது. அந்த ஆளோ காலையில் வேன் ஏற வேண்டியிருக்கிறது.

கணேசன் பேச்சி கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்: "காலையில நான் வீட்டுலதான கெடக்கேன். நான் ஆக்குதேன்."

பேச்சி சிரித்துவிட்டாள். கடையில் பேர் வாங்கிய கை அது, வீட்டில் ஒரு தோசையைத் திருப்பிப் போட்டது கிடையாது.

மறுநாள் தூக்கத்தைப் பாதியில் விட்டு எழுந்தான். கம்பு மாவைப் பிசைந்தான், உருட்டினான் — பழக்கதோஷம், வீசினான். மாவு காற்றிலேயே கிழிந்து பாதி சுவரிலும் பாதி அடுப்பிலும் போய் ஒட்டியது. ஊரே நின்று வேடிக்கை பார்க்கும் கைக்கு வந்த சோதனை!

வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பேச்சி வாசலிலிருந்தே கத்தினாள். "வீசாதீங்க! இழுத்த இழுப்புக்கு வாரதுக்கு அது என்ன மைதாவா? வெந்நி விட்டுப் பெசைஞ்சு, இலையில வச்சுத் தட்டுங்க!"

தட்டினான். முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்ட அடை. அபி ஒரு வாய் வைத்துவிட்டு, "அட்டை மாதிரி இருக்குப்பா" என்றாள். அடுத்து கம்பங்களி. அதற்கு "சிமெண்ட்" என்று பேர் வைத்தாள். கேப்பைக்கூழ் டம்ளரை மூக்குவரை கொண்டுபோனதோடு சரி.

ஒரு நாள் காலையில் போனபோது கணேசன் அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஆறிப்போன களி. கண் சிவந்திருந்தது. தூக்கமில்லாததாலா, வேறு எதனாலுமா... நான் கேட்கவில்லை.

"யக்கா, ஊருல எத்தனை பேருக்குப் போடுதேன். ஒருத்தன் எலையில மிச்சம் வைக்க மாட்டான். எம்பிள்ளை ஒரு வாய் தின்ன மாட்டேங்கா."

"கடையில ஏம்ல யாரும் மிச்சம் வைக்க மாட்டேங்காக?"

"பரோட்டா என்னக்கா, வெறும் மாவுதான. சால்னாவுலதான் சோலி இருக்கு. சால்னா நல்லா இருந்தாத்தான் தொண்டையில எறங்கும்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். எழுந்தான். நேராக அம்மிப் பக்கம் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் தெருவே மணத்தது. தட்டைப்பயறும் கத்திரிக்காயும் போட்டு, தேங்காயும் சோம்பும் அரைத்து விட்ட சால்னா. கடையில் போல எண்ணெய் மிதக்கவில்லை, மணத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை. அதே கம்பு அடையைப் பிய்த்துப் போட்டு மேலே ஊற்றி, அபி முன்னால் வைத்தான். அவள் குனிந்தவள், தட்டை வழித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இதை மொதல்லயே செஞ்சிருக்கலாம்லப்பா!"

அதன் பிறகு அவன் கையை யாராலும் பிடிக்க முடியவில்லை. குதிரைவாலிச் சோறு, உளுந்தங்கஞ்சி, கருப்பட்டி போட்ட எள்ளுருண்டை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கிய சுவரொட்டி — ஆட்டு மண்ணீரல் — மிளகு போட்டு வதக்கி. ராத்திரிப் பரோட்டா பார்சல் நின்றது; டாக்டரம்மா சொன்னபடி சாப்பாட்டோடு டீ குடிப்பதும் நின்றது. மாத்திரையும் ஒரு வேளை தவறவில்லை. இதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: அடை தின்றாள், மாத்திரையைத் தூக்கிப் போட்டாள் என்று யாரும் கிளப்பிவிட்டுவிடாதீர்கள்!

ஆனால் உடம்பு தேறுவதற்கும் ஒரு காலம் வேண்டுமே? அணிக்கு ஆள் எடுத்த அன்று அபி வீட்டில்தான் இருந்தாள். கணேசன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அடுத்த வருசம் இருக்குட்டி."

"அது வரைக்கும் இப்படியே ஆக்கிப் போடுவீங்களா?"

"நீ மட்டையைக் கீழ வைக்கிற வரைக்கும் ஆக்குதேன்."

அதற்கப்புறம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அளவு நன்றாக ஏறியிருந்தது. டாக்டரம்மா சிரித்தார். "போய் விளையாடு."

போன ஞாயிற்றுக்கிழமை உள்ளூரில் ஒரு சின்னப் போட்டி. கணேசன், பேச்சி, நான் — மூன்று பேரும் வேலி ஓரம் நின்றோம். அபி ஓடினாள். விழுந்தாள். கணேசன் வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்தான். அவள் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் ஓடினாள். கடைசி விசில் வரைக்கும் ஓடினாள். ஒரு கோலில் தோற்றார்கள்.

முகமெல்லாம் வேர்வையும் புழுதியுமாக நேரே அப்பாவிடம் வந்தாள். தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அப்பா, பசிக்குது."

கடையில் தினமும் எத்தனையோ பேர் அவனிடம் சொல்லும் வார்த்தைதான் அது. யார் சொல்லியும் என் தம்பி கண் கலங்கி நான் பார்த்ததில்லை. தூக்குவாளியைத் திறந்தான். கூட ஆடிய பிள்ளைகளும் கையை நீட்ட, அடையும் சால்னாவும் இருந்த இடம் தெரியவில்லை.

சமையல் இப்போது முழுக்க கணேசன் பொறுப்பு. பாத்திரம் கழுவுவது மட்டும் இன்னும் பேச்சிதான் — அதைப் பற்றி அவனிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்!