துண்டுக்கடியில் என் மகள் பேசிய பேரம்

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது; அதனால் பேச்சும் வரவில்லை. ஏழு வயதில் அவளை ஆம்பூரில் எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். சேர்த்த மாதமே டீச்சரம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டார். நான் தோல் மண்டித் தரகன். எப்பேர்ப்பட்ட முரடனையும் சமாளிப்பேன். அந்த அம்மாவின் மூக்குக் கண்ணாடிக்கு முன்னால் மட்டும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

"பாய், நான் தொண்டை கிழியக் கத்துறேன். உங்க பொண்ணு என்னைப் பார்த்துச் சிரிக்குது. ஒண்ணு, ரெண்டு கூடத் தெரியல. வீட்லயே வெச்சுக்குங்க" என்றார்.

வீட்டில் வைத்தால் அவளுக்கு ஜன்னலும் அடுப்பும்தான் உலகம். அந்தப் பயத்தில் எனக்கு வந்ததே கோபம்!

"காது கேக்காத புள்ளைகிட்ட கத்தினா சிரிக்காம இன்னா பண்ணும்? எண்ணத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க டீச்சரம்மா. வாரத்துல எத்தனை நாள் வரலாம்னு நீங்களே அவகிட்ட பேரம் பேசிப் பாருங்க."

எங்கள் மண்டியில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குபவரும் விற்பவரும் துண்டுக்கடியில் கைகோத்து, ஒரு விரல் ஒன்று, இரண்டு விரல் இரண்டு என்று விரலைப் பிடித்தே பேரத்தை முடிப்பார்கள். எவ்வளவுக்கு முடிந்தது என்று பக்கத்தில் நிற்பவன் கேட்பது மகா கேவலம். என் மடியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் என் மகள்.

இதைச் சொல்லித் தோள் துண்டை எடுத்து நீட்டினேன். "நான் இன்னா மாட்டுத் தோலா வாங்கப் போறேன்?" என்று முணுமுணுத்தாலும் டீச்சரம்மா கையை உள்ளே விட்டார். நான் மகளிடம் பள்ளிக்கூடத்தைக் காட்டினேன். தூங்கி எழுவதுபோல் சாடை செய்து, நாள் கணக்கு என்று புரியவைத்தேன்.

டீச்சரம்மா முதலில் என்ன கொடுத்தாரோ தெரியாது. என் மகள் கையை உதறினாள். தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் துப்பிவிட்டு விறுவிறுவென்று வாசல்வரை நடந்து, அங்கே கூப்பிடுவார்கள் என்று முதுகைக் காட்டியபடி நின்றாள். அட பாவி மகளே! அத்தனையும் நான் மண்டியில் பண்ணுகிற கூத்து.

"ஐயய்யோ, கூப்பிடுங்க பாய்!" என்று டீச்சரம்மா பதறினார்.

திரும்பி வந்தாள். மறுபடி துண்டு அசைந்தது. டீச்சரம்மாவுக்கு வியர்த்தது. என் மகளோ, குடும்பமே பட்டினி கிடப்பதுபோல் ஒரு பெருமூச்சு விட்டாள். கடைசியில் கையை வெளியே எடுத்து, டீச்சரம்மாவின் உள்ளங்கையில் பளாரென்று ஒரு தட்டு தட்டினாள். பேரம் முடிந்தது.

"எத்தனை நாள்?" என்றேன், வெட்கத்தை விட்டு.

"கேக்குறது கேவலம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் டீச்சரம்மா. மகளைக் கேட்டால், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். இதென்ன பேஜாரு! ஊர் பேரத்தையெல்லாம் முடித்துவைக்கிற எனக்குச் சொந்தப் பிள்ளையின் பேரம் தெரியவில்லை.

திங்கட்கிழமை போனாள். செவ்வாயும் போனாள். இன்றோடு சரி என்று தினமும் காலையில் நினைப்பேன். அவள் சிலேட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். வெள்ளியும் போய்விட்டு வந்தாள். அல்லாவே, வாரம் முழுக்கவா! சந்தோஷத்தில் அன்றைக்கு நான் சாப்பிட்டது ஜாஸ்தி.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. அன்றும் தலைவாரி வாசலில் நின்றாள். "இன்னிக்கு லீவுடி" என்று எப்படிக் கையாட்டியும் மசியவில்லை. அப்போது குடையும் கையுமாக டீச்சரம்மா எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"அஞ்சு விரலைப் புடிச்சா, சரின்னேன். விடாம இன்னொண்ணையும் புடிச்சுட்டா பாய். கை குடுத்துட்டு மாத்திப் பேசலாமா? ஏழாவதுக்குத்தான் உதறிட்டேன். நான் சர்ச்சுக்குப் போவணுமா, வேணாமா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டீச்சரம்மா என்னைக் கவனிக்கவில்லை. என் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, பலகையில் பெரிதாக ஒன்று என்ற எண்ணை எழுதினார். பிறகு கத்தாமல், அவள் கையைப் பிடித்து, ஒரு விரலை மெல்ல அழுத்தினார்.