வேம்புலியம்மாளின் துணி யானை

1937க்கு முன்னால், பூந்தமல்லி நெசவாளர் தெருவில் வேம்புலியம்மாள் உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவளுக்குக் கோபக்காரி என்றே பெயராகிவிட்டது.

கணவன் அய்யாசாமிக்கு முழங்கால் மடங்காமல் போனபோது, அவனுடைய குழித்தறியில் அவள் இறங்கி உட்கார்ந்தாள். பெண்கள் நூல் சுற்றுவார்கள். தறியில் உட்காருவது அந்தத் தெருவில் வழக்கமில்லை. மணவாள முதலாளி கொடுத்த நூலில் லுங்கி நெய்தாள். ஒருநாள் தறியின் கால்மிதி வரிசை தப்பி விழுந்துவிட்டது. அறுத்துப் பார்த்தால், துணி இரண்டு அடுக்காகப் பிரிந்து, தையலே இல்லாத பை போலக் கை நுழைய இடம் விட்டிருந்தது.

"துணின்னா தட்டையாத்தான் இருக்கணுமாய்யா?" என்று கணவனைக் கேட்டாள்.

"உருண்டையா நெய்ஞ்சா எவன் இடுப்புல கட்றது?" என்று அவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. லுங்கி முடிந்து தறியில் மிஞ்சிய பாவில், அதாவது நீளவாட்டு இழைகளில், வேண்டுமென்றே அப்படி மிதித்துப் பார்த்தாள். குழாய் வந்தது. சில இழைகளை மட்டும் பிரித்துப் பின்னால் சின்னக் கல் கட்டித் தொங்கவிட்டாள். அவை தளர்ந்து கொடுத்த இடத்தில் துணி வயிறு போல உப்பியது. முதலில் நெய்த பூசணி கோணிக்கொண்டது. குடத்துக்குக் கழுத்து கிழிந்தது. எட்டு மாதம் கழித்து, ஒரே பாவில், நெற்றி புடைத்து, காது விரிந்து, தும்பிக்கை தொங்க ஒரு யானைத் தலை தறியிலிருந்து இறங்கியது. இலவம்பஞ்சு அடைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

மணவாளன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பட்டணத்துல பொருட்காட்சி நடக்குது. நாலு பேர் பாக்கட்டும், குடு" என்று எடுத்துப்போனார்.

பொருட்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் தெருவிலிருந்தே கத்தினாள்: "உன் ஆனைகிட்ட மொதலாளி பேர எழுதி வச்சிக்கீறாங்கமே! மெடலு வேற குடுத்துட்டாங்க!"

"உடுமே, நூல் குடுக்கிற மனுசன்" என்றான் அய்யாசாமி.

"நூல் குடுத்தா கையும் அவரு கையாய்யா?"

மறுநாள் முதல் பஸ்ஸில் போனாள். பொருட்காட்சியில் மணவாளன் ஓர் அதிகாரியோடு நின்றிருந்தார். அவள் நேரே போய்க் கேட்டாள்: "மொதலாளி, தும்பிக்கைக்கு எத்தினி கல்லு கட்டினீங்க? சொல்லுங்க."

மணவாளன் விழித்தார். கல் எதற்கு என்றே அவருக்குத் தெரியவில்லை. அதிகாரிக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும், "பரிசு அறிவிச்சாச்சும்மா, இனிமே மாத்த முடியாது. வீட்டுக்குப் போ" என்றார்.

வேம்புலியம்மாள் யானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தடுக்க வந்த காவலாளியை அவள் பார்த்த பார்வையில் அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

அன்று மாலையே மணவாளன் அவளுக்கு நூல் கொடுப்பதை நிறுத்தினார். அவள் வீடு வீடாக ஏறினாள். அவருக்கு நூல் சுற்றிய பெண்களிடம், "என் ஆனைய எடுத்தவரு நாளைக்கு உங்க கையத் தன்னுதும்பாரு" என்றாள். முதலில் கெங்கம்மாள் ராட்டையை நிறுத்தினாள். நாலாம் நாள் ஒரு வீட்டிலும் ராட்டை ஓடவில்லை. சுற்றிய நூல் இல்லாமல் மணவாளனின் முப்பது தறிகளும் நின்றன.

பதினோராம் நாள் அவர் அவள் வாசலுக்கு வந்தார். தெருவே கூடியிருந்தது.

"ஆனைய நெய்ஞ்சது வேம்புலி" என்று முணுமுணுத்தார்.

"கேக்கல."

"வேம்புலியம்மாதான் நெய்ஞ்சா!"

பெண்கள் ராட்டைக்குத் திரும்பினார்கள். நூலும் வந்தது. ஆனால் பட்டணத்துப் பதிவேட்டில் பேர் மாறவில்லை, மெடலும் மணவாளன் வீட்டுச் சுவரில்தான் தொங்கியது. அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் அவள் காறித் துப்பினாள். அய்யாசாமி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.