சுவர் வெள்ளையானால் முகம் மஞ்சள்

போன வருடம் மழைக்காலத்தில், பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருந்த தரைத்தள வீட்டில் நடந்தது இது. பக்கத்து வீட்டுச் சுவர் எங்கள் ஜன்னலை ஒட்டியே நிற்கும். பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் உள்ளே ஆள் தெரியும். வீட்டு ஓனர் மாட்டிவைத்திருந்ததோ மங்கலான மஞ்சள் பல்புகள்.

கல்யாண ஆல்பங்களுக்குப் படங்களின் நிறத்தைச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. முகூர்த்தப் புடவை அரக்கா சிவப்பா என்று போட்டோகிராபரோடு மல்லுக்கு நிற்கிற ஆள் நான். எந்த நிறமும் என் கண்ணை ஏமாற்ற முடியாது என்ற திமிரும் கொஞ்சம் உண்டு.

அப்போதுதான் லேப்டாப் திரை போய், பிரேசர் டவுனில் ஒரு கடையில் புதுத் திரை மாற்றி வந்திருந்தேன். என் கணவருக்கு ஆபீஸ் அடையாள அட்டைக்கு ஒரு போட்டோ வேண்டியிருந்தது. அவருக்குச் சில நாட்களாகக் காய்ச்சல், உடம்பு வலி. வேளாவேளைக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலில் வெள்ளைச் சுவர் முன்னால் அவரை நிறுத்திப் படம் எடுத்தேன்.

திரையில் எல்லாமே மஞ்சளாக இருந்தது. பல்பு வெளிச்சம்தானே என்று, வழக்கம்போல அவருடைய விழியின் வெள்ளையைக் கிளிக் செய்தேன். 'இதுதான் வெள்ளை' என்று ஓரிடத்தைக் காட்டிக்கொடுத்தால் போதும், மற்ற நிறங்களெல்லாம் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். முகம் அழகாக வந்தது. ஆனால் பின்னாலிருந்த சுவர் நீலமாகிவிட்டது. அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டையும் நீலம்.

அதை விட்டுவிட்டுச் சுவரைக் கிளிக் செய்தேன். சுவர் வெள்ளையானது, முகம் மஞ்சளானது. மறுபடி கண், மறுபடி சுவர். இரண்டும் ஒன்றாகச் சரியாகவே மாட்டேன் என்றன.

கடைக்காரருக்கு போன் போட்டுச் சண்டை பிடித்தேன்.

"பேனல் புதுசு மேடம். ஸ்கிரீனை மஞ்சளாக்குற நைட் லைட் ஆன்ல இருக்கா பாருங்க. கலர் செட்டிங் எல்லாம் பழையபடி வெச்சிட்டு, வெள்ளையா ஒரு பக்கத்தைத் தொறந்து பாருங்க" என்றார் பொறுமையாக.

எல்லாவற்றையும் செய்தேன். வெள்ளைப் பக்கம் பால் மாதிரி இருந்தது. அப்படியும் நம்பாமல், அதே சுவர் முன்னால் நானே நின்று ஒரு படம் எடுத்து, அதிலும் சுவரைக் கிளிக் செய்து பார்த்தேன். நானும் சுவரும் ஒழுங்காகத்தான் இருந்தோம். போன தீபாவளிக்கு எடுத்த அவருடைய படத்தைத் திறந்தேன். அதிலும் அவர் அவராகவே இருந்தார். அன்றைக்கு எடுத்த படத்தில் மட்டும் அந்த மஞ்சள், திரையிலும் இல்லாமல் விளக்கிலும் இல்லாமல், அவர் மேல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போதும் புத்தி வேலையில்தான் இருந்தது. சுவரை வெள்ளையாக வைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் தனியாகப் பிரித்து மஞ்சளை எடுத்தேன். கண்களைத் தனியாக வெளுத்தேன். பார்க்க மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

"பரவாயில்லையே, காய்ச்சக்காரன் மாதிரியே தெரியல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் பல்புக்குக் கீழே அவர் நின்றுகொண்டிருந்தார். சுவரும் மஞ்சள், சட்டையும் மஞ்சள், என் கையும் மஞ்சள். அந்த வெளிச்சத்தில் அவருடைய நிறம் என்ன என்றே என்னால் சொல்ல முடியவில்லை. இத்தனை நாளாக இதே வெளிச்சத்தில்தான் அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"கொஞ்சம் வெளிய வாங்க."

"எதுக்கு? மழை தூறுது."

"வாங்கன்னு சொல்றேன்ல."

கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப்போய், பகல் வெளிச்சத்தில் கீழிமையை விரலால் இறக்கினேன். விழி முழுக்க மஞ்சள் தூளைக் கரைத்து விட்டதுபோல் இருந்தது. எதிர்வீட்டு அம்மா "ஏனாயித்து?" என்று, என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டது காதில் விழுந்தும், நான் அடுத்த கண்ணின் இமையையும் இறக்கிப் பார்த்தேன்.

"ரெண்டு நாளா ஒண்ணுக்கு மஞ்சளாத்தான் போகுது. தண்ணி சரியா குடிக்கலைன்னு நெனச்சேன்" என்றார் அவர், தப்பு செய்தவர் மாதிரி.

அப்படியே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மஞ்சள் காமாலை. கல்லீரல் வீங்கியிருந்தது. அவர் காய்ச்சலுக்கு விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரையை வாங்கிப் பார்த்த டாக்டர், முதலில் அதை நிறுத்தச் சொன்னார். இன்னும் சில நாள் இப்படியே போட்டிருந்தால் கல்லீரல் தாங்கியிருக்காது என்று அவர் சொன்னபோது, என் கணவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

படுத்தவர் எழுந்து நடமாட வெகுநாள் ஆனது. இப்போது நன்றாக இருக்கிறார். வெயில் விழுகிற வீடாகப் பார்த்து மாறியும் விட்டோம்.

நான் திருத்திய அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. நோய் நொடி இல்லாத முகத்தோடு அதில் ஒருவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கவே இல்லை. இன்றும் யாருடைய முகத்திலிருந்தாவது மஞ்சளை எடுக்கக் கை போகும்போது, இது விளக்குடையதா இல்லை அந்த மனிதருடையதா என்று ஒரு கணம் பயந்து நின்றுவிட்டுத்தான் தொடுகிறேன்.