மலையைப் பார்த்து வந்த சிலிர்ப்பு

வினோதினி செவிலியாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அடி அண்ணாமலையில் பிறந்தவள். அவள் வேலை பார்க்கும் மாடி வார்டில் ஜன்னல் நிறைய மலைதான். தூறல் நாளில் மேகம் இறங்கிச் சரிவை விழுங்கும். சற்றுப் பொறுத்து மலை மெல்ல மிதந்து வெளியே வரும். அந்த மயக்கத்திலும் அவள் கண் கடிகாரத்தை விட்டு அகலாது.

அன்று மதியம் ஜன்னலோரக் கட்டிலில் கீழ்பென்னாத்தூர் சரோஜா படுத்திருந்தார். நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்; ஒரே வாரத்தில் இரு கால்களும் துவண்டுவிட்டன. உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய். அதற்கான இம்யூனோகுளோபுலின் மருந்து ஐந்து நாள்கள் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டும். இது முதல் நாள். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஆகவே மிக மெதுவாகத் தொடங்கி, கால்மணிக்கொரு முறை நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல் பார்த்துக் குறித்த பிறகே வேகத்தைக் கூட்டுவார்கள்.

முதல் மூன்று முறையும் எல்லாம் சரியாக இருந்தது. வேகம் ஒரு படி கூடியது. நான்காம் முறை போனபோது மேகம் விலகி மலையுச்சி தெரிந்தது. சரோஜாவின் கைமயிர்கள் குத்திட்டு நின்றன.

"மலையப் பாத்தேன், புல்லரிக்குது சிஸ்டர். சாமி வந்து நிக்கறாரு."

வினோதினிக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. கிரிவலப் பாதையில் அந்தச் சிலிர்ப்பை எத்தனையோ பேரிடம் கண்டவள். 'குறை இல்லை' என்றெழுதப் பேனாவைத் தாளில் வைத்தவள், பாதியில் நிறுத்தினாள்.

"அக்கா, கொஞ்சம் கண்ண மூடிக்கங்க."

மூடினார். மலை மறைந்தும் மயிர்கள் தாழவில்லை. பற்கள் தந்தியடிக்கத் தொடங்கின. எண்பத்திரண்டாக இருந்த நாடி நூற்றுப்பதினாறாகியிருந்தது. காய்ச்சலும் ஏறியிருந்தது.

உடனே சொட்டை நிறுத்தினாள். ஊசியை எடுக்காமல் உப்புநீரை மட்டும் ஓடவிட்டு, டாக்டர் உமாமகேஸ்வரனுக்குச் சொல்லியனுப்பினாள். சரோஜா அவள் மணிக்கட்டை இறுகப் பற்றினார்.

"நிறுத்தாத பாப்பா. மருந்து கம்மியானா நான் நடக்கமாட்டேன்."

"கம்மியாவாதுக்கா, மெதுவாப் போவும், அவ்ளோதான். சாமியா குளிரான்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. எதுவானாலும் எங்கிட்ட சொல்லிடுங்க."

டாக்டர் வந்து மூச்சையும் தோலையும் சோதித்தார். காய்ச்சலுக்கும் ஒவ்வாமைக்கும் மருந்து கொடுக்கச் சொன்னார். நடுக்கம் அடங்க முக்கால் மணி நேரமானது. பிறகு பாதி வேகத்தில் சொட்டு மீண்டும் விழ, சரோஜா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போர்வையைப் பற்றியிருந்த கை மெல்லத் தளர்ந்தது.

அதன்பின் அவர் எதையும் மறைக்கவில்லை. தலை லேசாகக் கனக்கிறது என்றார். மூக்கு அரிக்கிறது என்றார். பக்கத்துக் கட்டில்காரம்மாவுக்குக் குறட்டை ஜாஸ்தி என்றும் சொன்னார். வினோதினி முதலிரண்டையும் நேரம் போட்டு எழுதிக்கொண்டு, மறுபடி நாடியைப் பிடித்தாள்.