யாரும் எடுக்காத அறையை எடுத்தவள்

முதலாண்டு மாணவிகள் விடுதி அறையைக் கணினியில் தேர்ந்தெடுக்கும் நாளில் எனக்கு மத்தியானச் சாப்பாடு கிடையாது. பன்னிரண்டு மணிக்குத் திறந்துவிடுவார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் இரண்டாம் மாடியின் தெற்குப் பக்கம் முழுக்கப் போய்விடும். அதற்குப் பிறகு தொலைபேசி ஓயாது. ஒரு அம்மாவுக்குப் பெண்ணின் அறையில் வெயில் விழ வேண்டும், இன்னொரு அம்மாவுக்கு விழவே கூடாது. கழிப்பறைக்குப் பக்கத்தில் கேட்பார்கள், பக்கத்தில் கிடைத்தால் நாற்றம் என்பார்கள். தைனான் நகரத்தில் இந்தப் பெண்கள் விடுதிக்கு வார்டனாக வந்த பிறகுதான் என் குரல் இவ்வளவு கரகரப்பானது.

எங்கள் விடுதியில் மாடிக்கு நாற்பத்து நான்கு அறைகள். நாலாம் மாடியின் கடைசி அறைக்கு என்ன எண் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நாலு என்கிற சொல் எங்கள் பாஷையில் சாவு என்பது போலவே ஒலிக்கும். மருத்துவமனையில் நாலாம் மாடியை விட்டுவிட்டு மூன்றுக்குப் பிறகு ஐந்து என்று எழுதுகிற ஊர் இது. எங்கள் கட்டிடத்தைக் கட்டியவருக்கு எண்ணத் தெரிந்திருந்ததே தவிர யோசிக்கத் தெரியவில்லை. அதனால் 444 ஆம் அறை வருடா வருடம் கடைசியில்தான் நிரம்பும். தூங்கிப் போனவர்களும் இணையம் காலை வாரிவிட்டவர்களும்தான் அங்கே வந்து சேர்வார்கள்.

அந்த வருடம் முதல் நிமிடத்திலேயே ஒருத்தி அதை எடுத்துவிட்டாள். பெயர் சூ வான்லிங், கட்டிடப் பொறியியல், ஊர் டோலியூ. பாவம், விரல் தவறி அழுத்தியிருப்பாள் என்று நானே கூப்பிட்டேன்.

"வான்லிங்தானே? விடுதியிலேருந்து லியாவோ பேசறேன். தெரியாம அழுத்திட்டியாம்மா? மூணாம் மாடியில இன்னும் ரூம் இருக்கு, மாத்தித் தரேன்."

"தெரிஞ்சுதான் அழுத்தினேன், ஆன்ட்டி."

"நம்பரைப் பார்த்தியா?"

"பார்த்தேன். மூலை ரூம், ரெண்டு ஜன்னல் இருக்கும். எல்லாரும் ஏன் விட்டு வைக்கிறாங்கன்னுதான் தெரியலை."

"ஏன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் ஆன்ட்டி, சும்மா சொன்னேன்."

வாய்த் துடுக்கு என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

அந்த வருடப் பஞ்சாங்கத்தில் ஒரு மாதம் கூடுதலாக வந்துவிட்டது. அதனால் விடுதி திறக்கும் நாள் சரியாக ஏழாம் மாதத்தின் நடுவில் போய் விழுந்தது. செத்தவர்கள் உலகத்தின் கதவு திறந்து, நல்ல அண்ணன்மார் தெருவில் திரிகிற மாதம். பேய் என்று வாயால் சொல்ல மாட்டோம். நல்ல அண்ணன்மார் என்றுதான் மரியாதையாகச் சொல்லுவோம். அந்த மாதத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை. அதனால் பெண்கள் பெட்டியோடு வந்தார்கள், அவர்களுடைய அம்மாக்கள் கெட்டது அண்டாமல் தூவ அரிசியும் உப்பும், கோயில் தாயத்துமாக வந்தார்கள். வராந்தா முழுக்க உப்பு. பெருக்கிப் பெருக்கி எனக்கு இடுப்பு விட்டுப்போனது. என் மேஜை இழுப்பறையிலும் ஒரு தாயத்து இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் உயிர் வெல்லம்தானே.

444க்கு முதலில் வந்தவள் குவோ ரூயிங். அறை தேர்ந்தெடுக்கிற அன்றைக்குப் பார்த்து அவள் வீட்டில் இணையம் நின்றுபோனதாம். அவளுடைய அம்மா, திருமதி குவோ, பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டுக் கதவை மூன்று முறை தட்டினார். பிறகு உள்ளே யாரும் இல்லாத அறையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பெரியவங்களே, என் பொண்ணு கொஞ்ச காலம் இங்க தங்கப் போறா. சின்னப் பொண்ணு, ஏதாவது தப்பா நடந்துகிட்டா மன்னிச்சுக்குங்க. உங்களுக்குத் தொந்தரவு குடுக்க மாட்டா."

அவ்வளவு பணிவான குரலில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் உருகியிருப்பேன்.

அடுத்து வந்தவள் கிழக்குக் கடற்கரையைச் சேர்ந்த பனாய், பூர்வகுடி ஆமிஸ் குடும்பத்துப் பெண், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள். அம்மாவும் அப்பாவும் வரவில்லை, முதுகில் ஒரு மூட்டையோடு தனியாகவே ரயிலில் வந்திருந்தாள். சிந்திக் கிடந்த உப்பைப் பார்த்து, "யாராவது மீன் காயப் போடறாங்களா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள். "இங்க இருக்கற பேய்ங்களுக்கு எங்க பாஷை தெரியாது ஆன்ட்டி. என்கிட்ட வந்து பேசாது." அந்தச் சொல்லைக் கேட்டதும் திருமதி குவோ காதைப் பொத்திக்கொண்டார். மூன்றாமவள் ஷின்லே, தேர்ந்தெடுக்கிற நாளன்று மத்தியானம் வரை தூங்கியவள், வந்ததும் மேல்கட்டிலில் ஏறித் தூங்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் கீழே ஒரு பரபரப்பு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வாசல் காவலாளி தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றிருந்தார். அவரைத் தாண்டி ஒரு கறுப்பு அமரர் ஊர்தி உள்ளே வந்தது. பக்கவாட்டில் தங்க நிறத்தில் தாமரை, அதன் கீழே கடையின் பெயர். முற்றத்தில் இருந்த அத்தனை குடும்பமும் இரண்டு பக்கமும் விலகியது. விடுதியில் யார் போய்விட்டார்கள், எனக்குச் சொல்லாமல் யார் கூப்பிட்டார்கள் என்று படியில் ஓடினேன்.

வண்டியின் முன் கதவு திறந்தது. இறங்கியவள் ஒரு பெண், குட்டை முடி, கையில் மேஜை விளக்கு.

"ஆன்ட்டி, நான் வான்லிங். நானூத்தி நாப்பத்தி நாலு. சாவி வாங்கணும்."

பின்னால் அவளுடைய அப்பா மெத்தையையும் போர்வையையும் இறக்கிக்கொண்டிருந்தார். இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்து தருவது அவருடைய தொழில். நெட்டையான, கூன் விழுந்த மனிதர், யாரையும் நேராகப் பார்க்கவில்லை.

"இதை இறக்கிட்டு வண்டியை வெளியில நிறுத்திடறேன்மா," என்றார் மகளிடம்.

"இங்கயே நிக்கட்டும்ப்பா. எல்லாரோட வண்டியும் இங்கதானே நிக்குது."

நாலாம் மாடிக்கு அவர்கள் மெத்தையோடு ஏறி வந்தபோது திருமதி குவோ வாசலில் நின்றிருந்தார். கீழே நடந்ததை அவரும் பார்த்திருந்தார். வான்லிங்கின் அப்பா மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு, முறையாகத் தலைகுனிந்து வணக்கம் சொன்னார். திருமதி குவோ முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுத்துத் தாயத்தை இறுக்கிப் பிடித்தார். கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியவருக்கு, கண்ணெதிரே நின்ற மனிதருக்குப் பதில் வணக்கம் சொல்ல வாய் வரவில்லை. எனக்குச் சுருக்கென்றது. வான்லிங்கின் அப்பா அவளிடம் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

திருமதி குவோ என்னை வராந்தா ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மேடம், ரூம் நம்பரைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். இந்த மாசத்துல, இந்த ரூம்ல, அந்த வீட்டுப் பொண்ணோட எப்படி மேடம்? அவ துணியெல்லாம் எங்கெங்க போய் வந்ததோ. நீங்களே ஒரு பொண்ணைப் பெத்திருந்தா விடுவீங்களா?"

"நான் பெத்திருக்கேன். அவளும் கிடைச்ச ரூம்லதான் இருந்தா."

"ஏதாவது ஒண்ணு செய்யுங்க. இல்லைன்னா நான் மேலிடத்துக்குப் போவேன்."

போவார், சந்தேகமே இல்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. கீழ்த்தளத்தில் என் அலுவலகத்தை ஒட்டி ஒரு தனி அறை உண்டு. கால் உடைந்தவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் என்று ஒதுக்கி வைத்தது. சொந்தக் குளியலறை, சொந்தக் குளிர்சாதனம், சண்டை போட ஆளில்லை. அதற்காகவே காலை உடைத்துக்கொள்ளத் தயாராக இருந்த மாணவிகளை எனக்குத் தெரியும். வான்லிங்குக்கு அதைக் கொடுத்தால் அவளுக்கும் லாபம், குவோ வீட்டுக்கும் நிம்மதி, எனக்கும் தலைவலி தீரும். அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் கொஞ்சம் புன்னகையோடும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டாள். கோபப்படவில்லை.

"தனி இடம் எனக்கு நல்லாப் பழக்கம், ஆன்ட்டி. ஸ்கூல்ல சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் மேஜையை ஒண்ணாச் சேர்த்துப் போட்டுக்குவாங்க. என் மேஜையோட மட்டும் யாரும் சேர்க்க மாட்டாங்க."

"அது சின்னப் பிள்ளைங்க..."

"சொல்லி முடிச்சுடறேனே. அப்பா எப்பவும் ஒரு தெரு தள்ளித்தான் என்னை இறக்கி விடுவார், யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. ஆனா எப்படியும் தெரிஞ்சுடும். நல்லாப் பழகி, வீட்டுக்கு வா போன்னு ஆனப்புறம் தெரியும். அப்ப விட்டுட்டுப் போனா வலிக்குது ஆன்ட்டி. அதான், இந்தத் தடவை மாமாவோட லாரியைக் கேக்காதீங்க, நம்ம வண்டியிலயே வாங்கன்னு நான்தான் அப்பாகிட்ட சொன்னேன். போறவங்க முதல் நாளே போகட்டும். யாருக்கும் வேணாத ரூமா எடுத்துக்கிட்டா, அங்க வர்றவங்க என்னை வேணாம்னு சொல்ல மாட்டாங்கன்னும் ஒரு கணக்குப் போட்டேன். அது கொஞ்சம் தப்பிடுச்சு." சிரித்தாள். "ஆனா நான் நாலு பேர் ரூமுக்குத்தான் வந்திருக்கேன். கீழ போக மாட்டேன்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. பதினெட்டு வயதில் எனக்கு அந்தத் தெளிவில் கால்வாசி இருந்திருந்தால் என் கல்யாணமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

கடைசியில் கீழே போனவள் ரூயிங்தான். அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, அவள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் போனாள். வான்லிங்கைக் கடந்து போகும்போது "சாரி" என்றாள், அம்மாவுக்குக் கேட்காமல். பனாய் எங்கேயும் போகிற உத்தேசத்தில் இல்லை. ஷின்லேயை எழுப்பி எல்லாவற்றையும் விளக்கினோம். "அப்போ அந்தக் கட்டில்ல என் பையை வெச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

காலியான கட்டிலுக்குக் காத்திருப்போர் வரிசையில் ஆள் இருந்தது. கூப்பிடுவதற்கு முன் வான்லிங் வந்து நின்றாள். "எங்கப்பா என்ன வேலை செய்யறார்னு சொல்லிட்டுக் குடுங்க, ஆன்ட்டி." சொன்னேன். ஒருத்திக்குத் திடீரென்று சித்தி வீடு பக்கத்தில் இருப்பது ஞாபகம் வந்தது. இன்னொருத்தி அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றவள் பிறகு போனையே எடுக்கவில்லை. கட்டில் அப்படியே கிடந்தது. வான்லிங் தினமும் வகுப்பிலிருந்து வந்ததும் என் அலுவலகத்துக்குள் தலையை நீட்டி, "யாராவது?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போவாள். இல்லை என்று சொல்வது எனக்கே கஷ்டமாக இருந்தது.

சில வாரம் கழித்து நாலாம் மாடியிலிருந்து இஞ்சியும் எள்ளெண்ணெயும் போட்ட கோழி வாசனை வந்தது. அறையில் மின்சாரப் பானை வைத்துச் சமைக்கக் கூடாது என்பது விதி. பானையைப் பிடுங்கிக்கொண்டு வரலாம் என்று ஏறினேன். 444இன் கதவைத் திறந்தால் தரையில் நாலு கிண்ணம். நாலாவது கிண்ணத்தின் முன்னால், வாய் நிறையக் கோழியோடு ரூயிங்.

"நீ கீழல்ல இருக்கணும்?"

"கீழ போரடிக்குது, ஆன்ட்டி," என்றாள் மென்றுகொண்டே.

"தினமும் வர்றா," என்றாள் பனாய். "நேத்து இங்கயே தரையில தூங்கிட்டா. ஷின்லே அவ மேல கால் வெச்சு இறங்கினா."

பானையைப் பறிமுதல் செய்தேன். கோழியை விட்டுவிட்டேன், நானும் மனுஷிதான்.

மறுநாள் மத்தியானம் ரூயிங் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். பழைய கட்டிலே வேண்டுமாம்.

"அந்த ரூம்காரங்களைக் கேளு," என்றேன். வான்லிங்கைக் கீழே வரச் சொன்னேன்.

ரூயிங் திணறினாள். "நான் உனக்குப் பயந்து போகலை, வான்லிங். அம்மாவுக்குப் பயந்துதான்."

"தெரியும். அம்மாவுக்குப் பயப்படற அளவுக்கு யாரும் வேற எதுக்கும் பயப்படறதில்லை." வான்லிங் சிரிக்காமல் சொன்னாள். "வா. எனக்கும் நீ வரணும்னுதான் இருக்கு. ஆனா திருட்டுத்தனமா வராதே. உங்க அம்மாகிட்ட சொல்லிட்டு வா. என் பேரைச் சொல்லு, எங்கப்பா தொழிலையும் சொல்லு. ஒளிச்சு வெச்சு வாழ்ந்தது போதும் எனக்கு."

ரூயிங் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் போனை எடுத்தாள், மேஜை மேல் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போட்டாள்.

"அம்மா, நான் மேல் ரூமுக்கே திரும்பப் போறேன். வான்லிங் இருக்கற ரூம்தான். அவங்கப்பா இறுதிச் சடங்கு நடத்தறவர். தெரிஞ்சுதான் போறேன்."

மேலிடம், புகார், பத்திரிகை என்று எல்லாவற்றுக்கும் நான் தயாராகிக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்காளா?" என்றார் திருமதி குவோ.

"இருக்கேன், ஆன்ட்டி."

"அன்னைக்கு உங்கப்பா எனக்கு வணக்கம் சொன்னார்."

"ஆமாம்."

"நான் பதிலுக்குச் சொல்லலை."

"ஆமாம்."

"அப்புறம் உன்கிட்ட ஏதோ சொல்லிட்டுப் போனாரே. என்ன சொன்னார்? திட்டினாரா?"

வேறு யாராக இருந்தாலும் பட்டும் படாமலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். வான்லிங் அந்த ரகம் இல்லை.

"திட்டலை, ஆன்ட்டி. நான்தான் கோபமா இருந்தேன். 'விடும்மா, எனக்குப் பழகிப் போச்சு'ன்னார்."

திருமதி குவோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு பேசினார். அந்த அம்மாவுக்கு இவ்வளவு சின்னக் குரல் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

"எனக்கு இன்னும் பழகலைம்மா. கொஞ்ச நாள் ஆகும், பொய் சொல்ல விரும்பலை. ஆனா உங்கப்பாகிட்ட சொல்லு, ரூயிங் அம்மா வணக்கம் சொன்னாங்கன்னு. அவ மெத்தையை ரெண்டு பேருமாத் தூக்குங்க, அவளுக்கு ஏற்கெனவே முதுகு வலி."

"சொல்றேன், ஆன்ட்டி," என்றாள் வான்லிங்.

ரூயிங் மெத்தையை எடுக்கத் தனி அறைக்குள் ஓடினாள். வான்லிங் அவள் பின்னால் போகவில்லை. வராந்தாவுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"அப்பா, வேலையில இருக்கீங்களா? ஒரு நிமிஷம்தான். உங்களுக்கு ஒருத்தங்க வணக்கம் சொன்னாங்கப்பா. இல்லை, செத்தவங்க வீட்டுக்காரங்க இல்லை. சும்மா, உங்களுக்குத்தான்."

நான் எழுந்து என் கதவைச் சாத்திக்கொண்டேன்.